முக்திநாத் பேக்கேஜுக்கு லோன் போடலாமா? அம்மா அப்பாவை இமயமலைக்கு அனுப்பும் முன் போட வேண்டிய கணக்கு



போன வாரம் ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். தூத்துக்குடி துறைமுகம் பக்கத்துல ஒரு ஷிப்பிங் கம்பெனியில வேலை. கைக்கு வர்ற சம்பளம் 36,000. "அண்ணே, அப்பாவுக்கு 62, அம்மாவுக்கு 57. ரெண்டு பேரையும் முக்திநாத் அனுப்பணும். ஒரு பேக்கேஜ் பார்த்து வச்சிருக்கேன். பேங்க்ல ப்ரீ-அப்ரூவ்டு லோன் காட்டுது. போட்டுடவா?"

ஒரு வரியில பதில் சொல்லியிருக்கலாம்: "வேண்டாம் தம்பி." ஆனா அதுக்கு முன்னாடி என் வீட்டுக் கதையைச் சொன்னாத்தான் இந்தக் கேள்வியோட கனம் புரியும். வழக்கமா நான் கடனுக்கு எதிராத்தான் பேசுவேன். இந்த ஒரு விஷயத்துல மட்டும் கடன் வாங்குறதை விடப் பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. அதை நான் பண்ணியிருக்கேன்.

அப்பா கேட்ட ஒரே பயணம்

எங்க அப்பா உப்புக் கம்பெனியில கணக்கு எழுதினவர். புரட்டாசி சனிக்கிழமைன்னா குடும்பத்தோட நவதிருப்பதி கிளம்பிடுவோம். ஸ்ரீவைகுண்டத்துல ஆரம்பிச்சு ஆழ்வார்திருநகரி வரைக்கும் தாமிரபரணிக் கரையில ஒன்பது கோயில். எங்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரி. அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்லுவார்: "இதெல்லாம் காலுக்கடியில இருக்கு. சாளக்கிராமம் ஒண்ணு பார்த்துட்டா போதும்."

சாளக்கிராமம்னா நேபாளத்துல இருக்கிற முக்திநாத். திருமங்கையாழ்வார் பாடிய தலம், 108 திவ்யதேசத்துல ஒண்ணு. சுமார் 3,700 மீட்டர் உயரம். கோயிலைச் சுத்தி 108 நீர்த்தாரைகள் கொட்டுது. அதே இடம் திபெத்திய பௌத்தர்களுக்கும் புனிதம். குரு பத்மசம்பவர் அங்க தியானம் பண்ணினார்னு அவங்க நம்பிக்கை. கோயில்ல பௌத்த பிக்குணிகளும் சேவை செய்யறாங்க. நாலாயிர திவ்யப் பிரபந்தம் படிச்சவரும் "ஓம் மணி பத்மே ஹூம்" சொல்றவரும் ஒரே தண்ணியில தலையை நனைக்கிற இடம் அது.

2017-ல நான் சிஏ முடிச்சு வேலைக்குச் சேர்ந்தேன். "அடுத்த வருஷம் போலாம்ப்பா"ன்னு சொன்னேன். 2019-ல கல்யாணம். 2020-ல கொரோனா. 2021-ல வீட்டுக் கடன். ஒவ்வொரு வருஷமும் காரணம் சரியாத்தான் இருந்தது. 2023-ல பணம் தயாரா இருந்துச்சு. டாக்டர்கிட்ட போனோம். இசிஜி, எக்கோ எல்லாம் பார்த்துட்டு அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "இந்த இதயத்தோட அந்த உயரத்துக்கு வேண்டாம்."

அப்பா ஒண்ணுமே சொல்லலை. வீட்டுக்கு வந்ததும், "உங்க அம்மா போய்ட்டு வரட்டும்"னு மட்டும் சொன்னார்.

அதனாலதான் சொல்றேன். இந்தப் பயணத்துக்கு ரெண்டு கெடு இருக்கு. ஒண்ணு, உங்க சேமிப்பு எப்ப தயாராகும்? இன்னொண்ணு, அவங்க உடம்பு எதுவரைக்கும் தாங்கும்? நாம முதல் கெடுவை மட்டும்தான் எக்செல்ல போடறோம்.

"12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் சார்!"

இப்ப ஒரு விளம்பரம் அதிகமா வரும். 2026 திபெத்தியக் காலண்டர்ல குதிரை ஆண்டு. 2002, 2014-க்கு அப்புறம் 2026. குதிரை ஆண்டுல கைலாயத்தை ஒரு தடவை வலம் வந்தா, மத்த வருஷங்கள்ல பல தடவை வந்த புண்ணியம்னு திபெத்தியர்கள் நம்பறாங்க. அதுவும் சாகா தாவா திருவிழா, அதாவது திபெத்திய நாலாவது மாசப் பௌர்ணமி அன்னிக்கு, கைலாய அடிவாரத்துல தார்போச்சே கொடிமரத்தைப் புதுசா நிறுத்துவாங்க. அந்தத் தேதிக்குக் கூட்டமும் கூடும், விலையும் கூடும்.

நம்பிக்கையைப் பத்தி நான் பேச வரலை. ஆனா "சீட் கடைசி நாலுதான், இன்னிக்கே அட்வான்ஸ் போடுங்க"ன்னு ஒருத்தர் போன் பண்ணினா, ஒரு நிமிஷம் நிதானிங்க. குதிரை ஆண்டு 2038-லயும் வரும். அவசரம் காலண்டர்ல இல்ல, உங்க அப்பாவோட வயசுல இருக்கு. இந்திய வெளியுறவு அமைச்சகம் நடத்துற கைலாஷ் மானசரோவர் யாத்திரைக்கு வயது வரம்பு 18 முதல் 70. பிஎம்ஐ 25-க்குள்ள இருக்கணும். அஞ்சு வருஷ இடைவெளிக்கு அப்புறம் 2025-ல மறுபடி ஆரம்பிச்சப்போ 750 பேருக்குத்தான் இடம்: லிபுலேக் வழியா 5 குழு, நாதுலா வழியா 10 குழு, குழுவுக்கு 50 பேர். அந்த வருஷம் செலவு லிபுலேக் வழிக்கு சுமார் 1.74 லட்சம், நாதுலா வழிக்கு சுமார் 2.83 லட்சம். பணம் இருந்தா மட்டும் போதாது. குலுக்கல்ல பேர் வரணும், மருத்துவப் பரிசோதனையில தேறணும்.

அதனால முதல் வேலை பேக்கேஜ் பார்க்கிறது இல்ல, டாக்டரைப் பார்க்கிறது. தூத்துக்குடி கடல் மட்டம். பொக்ராவுல இருந்து விமானத்துல 20 நிமிஷத்துல ஜோம்சோம் போய் இறங்குவீங்க. அங்கேயே சுமார் 2,700 மீட்டர். அங்கிருந்து ஜீப்ல அன்னிக்கே இன்னொரு 1,000 மீட்டர் ஏறினா உடம்பு பழகறதுக்கு நேரமே கிடையாது. பிபி, சுகர், இதயப் பரிசோதனை எல்லாம் சேர்த்து சில ஆயிரம் ஆகும். லட்சக்கணக்கில அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடி அந்தச் சில ஆயிரத்தைச் செலவு பண்ணுங்க.

சிப்பியைத் திறந்து பார்த்துட்டு வாங்குங்க

நம்ம ஊர்ல முத்துக்குளிப்பு நடந்த காலத்துல சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரக் கணக்குல குவிச்சு ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருக்கா இல்லையான்னு வாங்கினவருக்கும் தெரியாது, வித்தவருக்கும் தெரியாது. கடைசியா பெரிய அளவுல குளிப்பு நடந்தது 1961-ல. ஆனா அந்த ஏல முறை டூர் பேக்கேஜ்ல இன்னும் இருக்கு. "ஆல் இன்க்ளூசிவ்"னு ஒரு விலை போட்டிருப்பாங்க. உள்ள என்ன இருக்குன்னு நீங்கதான் திறந்து பார்க்கணும்.

2024 அக்டோபர்ல எங்க அம்மா ஒரு குழுவோட போனாங்க. திரும்பற அன்னிக்கு ஜோம்சோம்ல விமானம் இல்ல. காளி கண்டகி பள்ளத்தாக்குல மதியத்துக்கு மேல காத்து பலமா அடிக்கும். அதனால விமானம் காலையில மட்டும்தான், மேகம் இறங்கினா அதுவும் கிடையாது. ரெண்டு நாள் மாட்டிக்கிட்டாங்க. ரூம், சாப்பாடு, கடைசியில பொக்ரா வரைக்கும் ஜீப், தவறவிட்ட விமானத்துக்குப் பதிலா புது டிக்கெட். எல்லாம் "உங்க செலவு"ன்னு ஏற்பாட்டாளர் சொல்லிட்டார். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல அப்படித்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டது யார்? கணக்குத் தணிக்கை பண்ற நான்தான்.

அது சின்ன விஷயம். 2018 ஜூலையில மோசமான வானிலையால சிமிகோட், ஹில்சா பகுதியில கைலாய யாத்திரை போன 1,500-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் சிக்கினாங்க. 2024 செப்டம்பர்ல சிதம்பரம் பக்கத்துல இருந்து ஆதி கைலாஷ் போன 30 பேர் நிலச்சரிவுல மாட்டி, ஹெலிகாப்டர்லதான் மீட்கப்பட்டாங்க. 2025 செப்டம்பர்ல நேபாளத்துல போராட்டம் வெடிச்சப்போ காட்மாண்டு விமான நிலையத்தையே மூடினாங்க. இமயமலையில தாமதம்ங்கறது விதிவிலக்கு இல்ல. அதுவும் பட்ஜெட்ல ஒரு வரிதான்.

அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி இந்த ஆறு கேள்விக்கும் எழுத்துல பதில் வாங்குங்க. வாட்ஸ்அப் மெசேஜா இருந்தாலும் பரவாயில்ல, போன்ல சொன்னது மட்டும் வேண்டாம்.

1. விமானம் ரத்தானா கூடுதல் நாள் ரூம், சாப்பாடு யார் செலவு?
2. பொக்ரா–ஜோம்சோம் விமானமா, ஜீப்பா? விமானத்துக்குப் பதில் ஜீப் ஆனா வித்தியாசத் தொகை திரும்ப வருமா?
3. ஏறுற வழியில ஒரு ராத்திரி தங்கல் இருக்கா?
4. குதிரை, டோலி, டிப்ஸ், நுழைவுக் கட்டணம் உள்ளயா வெளியயா?
5. நாம ரத்து பண்ணினா எவ்வளவு பிடிப்பாங்க? டாக்டர் சான்றிதழ் கொடுத்தா சலுகை உண்டா?
6. பயணம் எந்த ஊர்ல ஆரம்பிக்குது? பெரும்பாலும் சென்னை. அப்ப முத்துநகர் எக்ஸ்பிரஸ் டிக்கெட்டும், சென்னையில ஒரு நாள் தங்கலும் உங்க கணக்கு.

திருவிழா பேக்கேஜா இருந்தா ஏழாவது கேள்வியும் உண்டு. லடாக்ல ஹெமிஸ் மடாலயத் திருவிழா, முகமூடி நடனத்துக்குப் பேர் போனது, திபெத்திய அஞ்சாவது மாசம் 10-ஆம் நாள் தொடங்கும். நம்ம காலண்டர்ல ஜூன், ஜூலைன்னு ஒவ்வொரு வருஷமும் மாறும். போஸ்டர்ல நடனப் படம் போட்டுட்டு, பயணத் தேதி ஒரு வாரம் தள்ளி இருக்கிற பேக்கேஜும் உண்டு. திருவிழாத் தேதியும் நீங்க அங்க இருக்கிற தேதியும் ஒண்ணான்னு நீங்களே சரிபாருங்க.

வரி: பத்ரிநாத் வேற, முக்திநாத் வேற

ரெண்டும் இமயமலைதான். ஆனா வருமான வரிக்கு பத்ரிநாத் உள்நாடு, முக்திநாத் வெளிநாடு. நேபாளத்துக்கு விசா தேவையில்லைங்கறதால பல பேர் இதை மறந்துடறாங்க.

முதல்ல டிசிஎஸ். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கும்போது ஏற்பாட்டாளர் உங்ககிட்ட வரி பிடிச்சு அரசுக்குக் கட்டணும். 2025-26 நிதியாண்டுல இது 10 லட்சம் வரை 5%-ஆ இருந்துச்சு. பட்ஜெட்ல இது மாறிக்கிட்டே இருக்கு, அதனால நீங்க பணம் கட்டற நாள்ல என்ன விகிதம்னு பார்த்துக்கோங்க. இது செலவு இல்ல, முன்பணமா கட்டற வரி. ஆனா யாரோட பான் கொடுக்கறீங்கன்னு கவனம். அப்பா பான் கொடுத்தா, வரம்புக்குக் கீழே வருமானம் உள்ள அவர், அந்த ரீஃபண்டுக்காகவே ரிட்டர்ன் தாக்கல் பண்ணணும். பணம் கட்டறது நீங்கன்னா பில்லை உங்க பேர்ல, உங்க பான்ல எடுங்க. அது உங்க பான் கணக்குல வரும். அதுக்கான படிவத்தை எச்ஆர்கிட்ட கொடுத்தா, சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்-லயே அதைக் கழிச்சுக்கலாம். 2024 அக்டோபர்ல இருந்து இந்த வசதி இருக்கு.

அடுத்து எல்டிஏ. உங்க சம்பளத்துல எல்டிஏ இருந்து, நீங்க பழைய வரி முறையில இருந்தா மட்டும் இதைப் படிங்க. விலக்கு இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான். பத்ரிநாத், கேதார்நாத், லடாக் சரி. முக்திநாத், கைலாயம் கிடையாது. அதுவும் போக்குவரத்துக் கட்டணம் மட்டும். ரூம், சாப்பாடு சேராது. அதனால பேக்கேஜ் பில்லுல டிக்கெட் தொகையைத் தனியா காட்டச் சொல்லுங்க. உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மா குடும்பக் கணக்குல வருவாங்க. ஆனா நீங்களும் லீவு போட்டுக் கூடப் போகணும். அவங்களை மட்டும் அனுப்பிட்டு கிளெய்ம் பண்ண முடியாது. நாலு காலண்டர் வருஷத்துக்கு ரெண்டு பயணம். 2022–2025 பிளாக் 2025 டிசம்பரோட முடிஞ்சது. பயன்படுத்தாம விட்டிருந்தா ஒரு பயணத்தை மட்டும் 2026-ல எடுத்துக்கலாம்.

மானியமும் இருக்கு. தமிழ்நாடு அரசு, இந்து சமய அறநிலையத் துறை மூலமா, முக்திநாத் போய் வந்தவங்க 500 பேருக்கு தலா 20,000, மானசரோவர் போய் வந்தவங்க 500 பேருக்கு தலா 50,000 கொடுக்கிற திட்டம் வச்சிருக்கு. நாக்பூர் தீக்ஷா பூமி போற பௌத்தர்களுக்கும், ஜெருசலேம் போற கிறிஸ்தவர்களுக்கும் தனித் திட்டங்கள் இருக்கு. அந்தந்த வருஷ அறிவிப்பைப் படிச்சு, டிக்கெட், பில் எல்லாத்தையும் பத்திரமா வைங்க. ஆனா இதை நம்பி பட்ஜெட் போடாதீங்க. வந்தா லாபம், அவ்வளவுதான்.

இப்ப கணக்கைப் போடுவோம்

தம்பியோட கேள்விக்கு வருவோம். உதாரணத்துக்கு, ஒருத்தருக்கு 65,000 பேக்கேஜ்னு வச்சுக்கலாம். ரெண்டு பேருக்கு:

பேக்கேஜ் விலை: 1,30,000
ஜிஎஸ்டி 5%: 6,500
டிசிஎஸ் 5% (2025-26 விகிதம்): 6,825
ரயில், சென்னைத் தங்கல், இன்ஷூரன்ஸ், மருத்துவப் பரிசோதனை, கம்பளி உடுப்பு, டிப்ஸ்: 25,000
தாமத நிதி: 25,000
மொத்தம்: 1,93,325

போஸ்டர்ல பார்த்தது 65,000. ஏற்பாடு பண்ண வேண்டியது ஆளுக்கு 96,000-க்கு மேல. இந்த வித்தியாசம்தான் நடுவழியில கிரெடிட் கார்டைத் தேய்க்க வைக்குது.

லோன் போட்டா? 1,50,000 ரூபாய், 14% வட்டி, 24 மாசம். இஎம்ஐ சுமார் 7,200. வட்டி மட்டும் சுமார் 22,850. பிராசஸிங் கட்டணம் தனி. தாமத நிதிக்கு நாம ஒதுக்கின தொகை கிட்டத்தட்ட அப்படியே வட்டிக்குப் போகுது. அதோட, 36,000 சம்பளத்துல ரெண்டு வருஷத்துக்கு வேற எதுக்கும் கை நீட்ட முடியாது.

ஆர்டி போட்டா? மாசம் 10,250, 18 மாசம், 6.5% வட்டின்னு வச்சா முடிவுல சுமார் 1,94,000 கையில இருக்கும். "மாசம் பத்தாயிரம் எங்க அண்ணே போறது?"ன்னு கேப்பீங்க. தம்பிக்கு ஒரு அக்கா இருக்காங்க, வேலைக்குப் போறாங்க. அவர் 6,000, அக்கா 4,250. அம்மா அப்பா பயணத்துக்கு அக்கா தங்கச்சிகிட்ட காசு கேக்கறது கௌரவக் குறைச்சல் இல்ல. அவங்களுக்கும் அது பெத்தவங்கதான்.

இன்னிக்கு ஆரம்பிச்சா 18 மாசத்துல பணம் தயார். மே மாசம் முக்திநாத்துக்கு சீசன். அப்பாவுக்கு அப்ப 63 இல்லைன்னா 64 ஆகியிருக்கும். டாக்டர் "இப்ப ஓகே, ஆனா ரொம்பத் தள்ளாதீங்க"ன்னு சொன்னா? அப்ப போனஸ், தீபாவளிப் பணம், பைக் மாத்தற திட்டம் எல்லாத்தையும் இதுக்குத் திருப்பி இன்னும் சீக்கிரமா முடிங்க. அப்பவும் 30,000, 40,000 குறைஞ்சா, அந்தக் குறைக்கு மட்டும் சின்னக் கடன் வாங்குங்க, ஆறு மாசத்துல அடைங்க. தள்ளிப் போடறதை விட அது மேல். சிஏ வாயில இருந்து வர்ற வார்த்தை இல்லதான். அனுபவிச்சவன் சொல்றேன்.

இன்ஷூரன்ஸ் விஷயத்துல ஒரே ஒரு எச்சரிக்கை. உங்க கம்பெனி மெடிக்ளெய்ம் பொதுவா இந்தியாவுக்குள்ள எடுக்கிற சிகிச்சைக்குத்தான். நேபாளத்துக்குத் தனியா டிராவல் இன்ஷூரன்ஸ் எடுங்க. எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா, ஏற்கெனவே இருக்கிற பிபி, சுகருக்கு என்ன நிபந்தனை, மூணையும் பாலிசியிலயே படிங்க. சுகரை மறைச்சு எடுத்த பாலிசி கிளெய்ம் நேரத்துல வெறும் காகிதம்.

அப்புறம், 15-லிருந்து 65 வயசுக்குள்ள இருக்கிறவங்க நேபாளத்துக்கு ஆதாரை மட்டும் காட்டி விமானம் ஏற முடியாது. பாஸ்போர்ட், இல்லைன்னா வாக்காளர் அட்டை வேணும். கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட்டுன்னா ஐஆர்சிடிசி-யோட ஹெலியாத்ரா தளம் மட்டும்தான். கூகுள்ல முதல்ல வர்ற நம்பருக்குப் பணம் அனுப்பாதீங்க.

கடைசியா

அம்மா வரும்போது ஒரு சின்ன பாட்டில்ல 108 தாரைத் தண்ணி பிடிச்சிட்டு வந்தாங்க. அது எங்க பூஜை அலமாரியில இருக்கு. சாயங்காலம் சில நாள் அப்பா கேப்பார்: "அந்தத் தண்ணி எவ்வளவு குளிரா இருந்துச்சு?" அம்மா மறுபடியும் முதல்ல இருந்து சொல்லுவாங்க. ஒவ்வொரு தடவையும் அவர் புதுசா கேக்கற மாதிரியே கேப்பார்.

என் வங்கிக் கணக்குல இப்ப அந்தப் பயணத்துக்கான பணம் மூணு மடங்கு இருக்கு. அதை வச்சு அவருக்கு ஒரு டிக்கெட் வாங்க முடியலை.

அதனால இன்னிக்கு ஒரே ஒரு வேலை பண்ணுங்க. வீட்டுக்குப் போன் போட்டு, "அப்பா, உங்களுக்கு எங்க போகணும்னு ஆசை?"ன்னு கேளுங்க. முக்திநாத்தா இருக்கலாம், காசியா இருக்கலாம், வேளாங்கண்ணியா இருக்கலாம், புத்தகயாவா இருக்கலாம். பதில் வந்ததும் போனை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர் அப்பாயின்ட்மென்ட், போனை வச்சதும் ஒரு ஆர்டி.

உங்க வீட்டுக் கணக்கை கமென்ட்ல போடுங்க, பார்த்துச் சொல்றேன். அடுத்த வீடியோவுல சந்திப்போம்.